ஒரே பெயர் இரண்டு தரம்

எங்கட குழுவில் நாலு பேர். மூன்றாம் வருசம், கலைப்பீடம், தமிழ்ச் சிறப்புக்கற்கை. போன செமஸ்டரில் எங்களுக்குக் கிடைத்த குழு ஒப்படையின் தலைப்பு, எண்பதுகளுக்குப் பிறகான ஈழத்துப் பெண்கள் கவிதை. நாலு பேரும் சண்டை பிடிக்காமல் செய்து முடித்த ஒரே ஒப்படை அதுதான். ஆனால் இந்தக் கட்டுரை அந்தக் கவிதைகளைப் பற்றியது இல்லை. ஒப்படையின் கடைசி மூன்று பக்கத்தைப் பற்றியது. உசாத்துணைப் பட்டியல் என்று நாங்கள் சொல்லுகிற, ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் என்று நம்பிக்கொண்டு எழுதுகிற பக்கங்கள்.

முதலாம் வருசத்தில் அந்தப் பக்கங்களை எப்படிச் செய்தோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வரும். சீனியர் ஒருவரின் பழைய ஒப்படையைத் திறந்து, அதில் இருக்கிற மாதிரியே கையால் ரைப் பண்ணுவோம். ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடுவதா வெளியே போடுவதா, புத்தகத்தின் பெயரைச் சரித்து எழுதுவதா கோடு கீறுவதா என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கொள்கை. ஒப்படைக்கிற நாளுக்கு முதல்நாள் இரவு பதினொன்றரைக்கு ஒரு ஃபோன் வரும். "எடி, அந்தக் கைலாசபதியின்ர புத்தகம் எந்த வருசம்?" புத்தகத்தை நாங்கள் மூன்று நாளுக்கு முதலே நூலகத்தில் திருப்பிக் குடுத்திருப்போம். பிறகென்ன, ஆளுக்கொரு வருசம் சொல்லி, அதில் கூட வாக்குக் கிடைத்த வருசம் பட்டியலில் ஏறும்.

மூன்றாம் வருசத் தொடக்கத்தில், நாலாம் வருச அக்கா ஒருவர் நூலக வாசல் படியில் இருந்து எங்களுக்கு ஸொட்டெரோவைக் காட்டித் தந்தார். உசாத்துணைகளைச் சேர்த்து வைத்து, கட்டுரைக்குள் மேற்கோளாகவும் கடைசியில் பட்டியலாகவும் எடுத்துத் தருகிற மென்பொருள். காசு இல்லை. 2006இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் இருக்கிற ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு மற்றும் புதிய ஊடக மையத்தில் செய்து வெளியிட்டார்களாம். கணினிக்காரர் தங்களுக்கென்று செய்ததில்லை, வரலாறு படிக்கிற ஆட்கள் தங்கட வேலைக்காகச் செய்தது என்று அக்கா சொன்னபோது எங்களுக்கு ஒரு சின்னப் புளுகம். கலைப்பீடத்துக்காரர் செய்த சாமான் என்று.

அதில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று லப்டொப்பில் போடுகிற செயலி. மற்றது பிரவுசரின் மேல் மூலையில் ஒட்டிக்கொள்கிற சின்னப் பட்டன். ஒரு கட்டுரை இருக்கிற இணையப் பக்கத்தைத் திறந்துவிட்டு அந்தப் பட்டனை அமத்தினால், கட்டுரையின் விபரம் முழுக்கச் செயலிக்குள் போய் இருந்துவிடும். அக்கா ஜேஸ்ரோரில் ஒரு கட்டுரையைத் திறந்து அமத்திக் காட்டினார். எழுதியவர், தலைப்பு, ஆய்விதழின் பெயர், தொகுதி, இதழ், பக்கங்கள், ஆண்டு எல்லாம் அந்தந்தப் பெட்டிக்குள். பிறகு கைலாசபதி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் ஹீரோயிக் பொயற்றி'யை ஒரு நூலகப் பட்டியலில் தேடி எடுத்து அமத்தினார். ஒக்ஸ்ஃபோர்ட், 1968. இரவு பதினொன்றரைக்கு வாக்கெடுப்பு வைத்த ஆட்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது எப்படி நடக்கிறது என்று எங்களில் ஒருத்தி துருவித் துருவிக் கேட்டாள். அக்கா அந்தப் பக்கத்தில் வலது பக்கம் கிளிக் பண்ணி, பக்கத்தின் மூல எழுத்தைத் திறந்தார். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்குப் பின்னால், இயந்திரம் வாசிப்பதற்கென்று வேறு சில வரிகள் இருக்கின்றன. 'சைற்றேசன் ரைற்றில்' என்று போட்டு அதற்கு நேரே தலைப்பு. 'சைற்றேசன் ஓதர்' என்று போட்டு அதற்கு நேரே எழுதியவரின் பெயர். ஆண்டு, இதழ் எல்லாம் அப்படித்தான். கூகிள் ஸ்கொலரும் இந்த வரிகளைத்தான் பார்க்கிறது. இது தவிர, பெரிய தளங்கள் ஒவ்வொன்றையும் எப்படி வாசிக்க வேண்டும் என்று ஸொட்டெரோவுக்குச் சொல்லிக் குடுக்கிற சின்னச் சின்ன நிரல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் மொழிபெயர்ப்பாளர்.

பட்டனின் படத்தைப் பார்த்தே என்ன வரப்போகிறது என்று கொஞ்சம் ஊகிக்கலாம். புத்தகப் படம் என்றால் அது புத்தகம் என்று விளங்கியிருக்கிறது. தாள் படம் என்றால் கட்டுரை. கோப்புறைப் படம் என்றால் பக்கத்தில் பல உருப்படிகள் இருக்கின்றன, எது வேண்டும் என்று கேட்கும். ஒன்றும் பிடிபடாவிட்டால் வெறும் இணையப் பக்கம் என்று சேமிக்கும். தலைப்பு, முகவரி, நாங்கள் பார்த்த திகதி. அவ்வளவுதான்.

அடுத்த கிழமை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு பொதுச் சேகரிப்பைத் திறந்தோம். ஸொட்டெரோவில் குழுவாகச் சேர்ந்து ஒரே பட்டியலைப் பாவிக்கலாம். ஒருத்தி போர்டிங்கில் இருந்து போடுவது மற்றவளுக்கு வீட்டில் தெரியும். ஆங்கிலக் கட்டுரைகள் ஒரே நாளில் ஏறிவிட்டன.

தமிழ்ப் பக்கம் வரத்தான் பிரச்சினை தொடங்கியது.

எங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் பழைய புத்தகம், சஞ்சிகை. ஸ்கான் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், பெரிய புண்ணியம். பக்கத்தைத் திறந்தால் எழுதியவர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாம் தமிழில் வடிவாகப் போட்டிருக்கும். மனிசருக்கு விளங்கும். ஆனால் பின்னால் இயந்திரத்துக்கென்று வரிகள் இல்லாத பக்கமென்றால் எங்கள் பட்டனுக்கு ஒன்றும் விளங்காது. அமத்தினால் இணையப் பக்கம் என்று ஏறும். எழுதியவரின் பெட்டி வெறுமை. ஒரு தளத்தில் ஆண்டு வந்தது, சந்தோசப்பட்டோம். பிறகு பார்த்தால் அது புத்தகம் வெளிவந்த ஆண்டில்லை, தளத்தில் ஏற்றிய ஆண்டு. எண்பதுகளில் வந்த ஒரு தொகுப்பு எங்கட பட்டியலில் எங்களைவிட இளையதாக இருந்தது.

வேறு வழிகளும் பார்த்தோம். ஸொட்டெரோவில் மந்திரக்கோல் மாதிரி ஒரு படம் இருக்கிறது. அதில் ஐ.எஸ்.பி.என். எண்ணையோ டி.ஓ.ஐ. எண்ணையோ போட்டால் அதுவே தேடிக்கொண்டு வரும். புதுப் புத்தகங்களுக்கு நல்லது. எங்கட பழைய வெளியீடுகள் கனக்கவற்றில் அப்படி எண்ணே இல்லை. சில நூலகத் தளங்களில் 'ஆர்.ஐ.எஸ்.' என்று ஒரு கோப்பாக இறக்கலாம். அதை நோட்பாட்டில் திறந்து பார்த்தோம். பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து. ஏ.யூ. என்றால் எழுதியவர், பீ.வை. என்றால் ஆண்டு, ஈ.ஆர். என்றால் முடிந்தது. பிழை இருந்தால் அங்கேயே திருத்திவிட்டு ஸொட்டெரோவுக்குள் எடுக்கலாம். மிச்சத்தை எல்லாம் கையால்தான் போட்டோம். மொத்தம் 61 உருப்படி.

கையால் போடும்போதுதான் அந்த இரண்டு பெட்டியும் கண்ணில் பட்டது. எழுதியவர் என்ற இடத்தில் ஒரு பெட்டி இல்லை, இரண்டு பெட்டி. ஒன்று கடைசிப் பெயருக்கு, மற்றது முதற் பெயருக்கு. கடைசிப் பெயர் என்பது அவர்களுக்குக் குடும்பப் பெயர். எங்களுக்கு எது குடும்பப் பெயர்?

எங்கள் நாலு பேரையே எடுப்போம். இரண்டு பேருக்கு அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஒருத்திக்குச் சொந்தப் பெயர் முன்னால், அப்பாவின் பெயர் பின்னால். அவள் ஒருமுறை இணையவழிப் பாடநெறி ஒன்றுக்குப் பதிந்தாள். அன்றிலிருந்து வருகிற மின்னஞ்சல் எல்லாம் அவளுடைய அப்பாவின் பெயருக்கு 'டியர்' போட்டு வருகிறது. கடைசியில் சான்றிதழும் வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நான் எப்ப மகள் உதைப் படிச்சனான்?" என்று கேட்டாராம். நாலாமவள் முஸ்லிம். அவளுடைய பெயருக்கு முன்னால் மூன்று முதலெழுத்து. அதில் ஒன்று பாத்திமா. எங்கட பச்சில் பாதிப் பெண் பிள்ளைகளின் முதலெழுத்துக்குள்ளும் ஒரு பாத்திமா இருக்கிறா.

இருந்தாலும் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி என்று எழுதுகிற பெயர்களில் சொந்தப் பெயர்தான் கடைசியில் நிற்கிறது. அதைக் கடைசிப் பெயர்ப் பெட்டிக்குள் போட்டால், 'சிவத்தம்பி, கா.' என்று ஏ.பி.ஏ. முறைக்கு ஏற்ற மாதிரி வந்துவிடும். அது குடும்பப் பெயர் இல்லைத்தான், ஆனாலும் தற்செயலாகப் பொருந்துகிறது. பொருந்தியதால் நாங்கள் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

ஒப்படைக்கிற நாளுக்கு முதல்நாள் இரவு பட்டியலை எடுத்துப் பார்த்தால் சீரில்லை. சில இடத்தில் முழுப்பெயர், சில இடத்தில் முதலெழுத்து. ஆங்கிலப் பெயர்களை மென்பொருளே சுருக்கித் தந்தது. தமிழ்ப் பெயரை அது எப்படிச் சுருக்குமோ என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அதனால் எங்களில் ஒருத்தி இருந்து, 61 உருப்படிக்குள்ளும் போய்த் தமிழ்ப் பெயர் எல்லாவற்றையும் கையால் சுருக்கினாள். முதற் பெயர்ப் பெட்டிக்குள் முழுப்பெயர் இருந்தால் முதலெழுத்தை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தை அழித்தாள். பன்னிரண்டரைக்குத் தன்ர வேலை முடிஞ்சுது என்று குழுவில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஒரு மணிக்கு மற்றவள் கடைசித் தரம் சரி பார்த்தாள். அப்போது அவளுடைய கண்ணில் இது பட்டது.

மௌனகுரு, சி., மௌனகுரு, சி., நுஃமான், எம். ஏ. (1979). இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்.

ஒரே பெயர் இரண்டு தரம். எங்களுக்கு இது பழக்கமான பிழை. பொதுச் சேகரிப்பில் இரண்டு பேர் ஒரே கட்டுரையை அமத்தி, அது இரண்டு தரம் ஏறிக் கனக்கத் தரம் கிடந்திருக்கிறது. இரட்டிப்பு உருப்படிகளைக் காட்டுவதற்கென்றே ஸொட்டெரோவில் தனி இடம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்குவதும் ஒரு கிளிக்தான். இரட்டிப்பு என்றால் வெட்டு என்று எங்கட கை பழகியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த கழித்தல் குறியை அமத்தினாள். ஒரு மௌனகுரு போனார். பட்டியல் வடிவாக வந்தது. காலையில் பிரிண்ட் எடுத்துக் குடுத்தோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு முன்வைப்பு. நாலு பேரும் மாறி மாறிக் கதைத்தோம். முடிந்ததும் மிஸ் எங்கட ஒப்படையைப் பின்பக்கமாகத் திறந்தார். கடைசி மூன்று பக்கத்தை வாசிக்கிற ஆள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அறிந்தோம்.

"இந்த 1979 புத்தகம் எத்தனை பேர் எழுதினது?"

"ரெண்டு பேர், மிஸ்."

"புத்தகத்தைப் பார்த்தனீங்களா?"

பார்த்தோம். இரண்டு அத்தியாயத்தை ஸ்கான் பிரதியில் வாசித்தும் இருந்தோம். தலைப்புப் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"'சொல்லாத சேதிகள்' தொகுத்தது ஆர்?"

இது தெரியும். எங்கட ஒப்படை தொடங்குவதே அதில் இருந்துதான். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட, பெண்களின் கவிதைத் தொகுப்பு.

"சித்திரலேகா மௌனகுரு, மிஸ்."

"அப்ப உங்கட பட்டியலில அவவைக் காட்டுங்கோ பாப்பம்."

நாங்கள் பார்த்தோம். அங்கே இருந்தது 'மௌனகுரு, சி. (1986)'. அதற்கு மேல் வரியில் 'மௌனகுரு, சி., நுஃமான், எம். ஏ. (1979)'. அப்போதுதான் விளங்கியது. கூத்து, நாடகம் என்றால் எல்லாருக்கும் நினைவு வருகிற பேராசிரியர் சி. மௌனகுருவும் சி. அவருடைய மனைவி பேராசிரியர் சித்திரலேகா மௌனகுருவும் சுருக்கினால் சி. ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'எஸ்', மற்றவருக்கு 'சி' என்று வேறு வேறாக நிற்கிற எழுத்து, தமிழில் ஒன்றாகிவிடுகிறது. 1979 புத்தகத்தை அவர்கள் இரண்டு பேரும் எம். ஏ. நுஃமானும் சேர்ந்து எழுதினார்கள். மூன்று பேர்.

"1979இல நீங்கள் அவவை வெட்டிப் போட்டீங்கள். 1986இல அவவை அவவின்ர மனிசனாக்கிப் போட்டீங்கள். பெண்கள் கவிதை பற்றின ஒப்படையில அவ ரெண்டு இடத்திலயும் இல்லை." மிஸ் குரலை உயர்த்தவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மிச்சம் நல்லாயிருக்கு" என்றார். அந்த நல்லாயிருக்கு எங்களுக்கு ஏறவே இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் நாலு பேரும் நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துத் தலைப்புப் பக்கத்தைத் திறந்தோம். மூன்று பெயர் இருந்தது. ஒரு மணிக்கு வெட்டியவள் அழத் தொடங்கினாள். பன்னிரண்டரைக்குச் சுருக்கியவள், "நீ வெட்டினது பிறகுதானே, பிழை முதலே நான் விட்டது" என்றாள். உண்மையில் பிழை இரண்டு பேருடையதும் இல்லை, நாலு பேருடையதும்தான். பதிவு ஏறியபோது அதில் முழுப்பெயர் இருந்தது. மென்பொருள் ஒன்றையும் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டினால்தான் ஒழுங்கு என்று நினைத்தது நாங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஏன் அப்படி நினைத்தோம்? அந்தப் பெட்டிகளை நிரப்பி நிரப்பி, ஒரு பெயரில் ஒரு பாதி முக்கியம், மற்றப் பாதி சுருக்கக்கூடியது என்று பழகிவிட்டோம். குடும்பப் பெயர் இருக்கிற ஊரில் அது சரி. எங்கட ஊரில், கலியாணத்துக்குப் பிறகு கணவனின் பெயரைப் பின்னால் வைத்துக்கொள்கிற ஒரு பெண்ணை அந்த முறையில் சுருக்கினால், சுருங்குவது அவளுடைய சொந்தப் பெயர். மிஞ்சுவது கணவனின் பெயர். தகப்பனின் பெயரைப் பின்னால் வைத்திருப்பவளுக்கும் அதுதான் கதி. எங்கட கூட்டாளியின் சான்றிதழில் அவளுடைய அப்பா படித்து முடித்த மாதிரி.

இந்த நாட்டில் ஏதாவது ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'முதலெழுத்துகளுடன் பெயர்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே 'முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயர்கள்' என்று இன்னொரு வரி இருக்கும். சின்ன வயதில் இருந்து அலுத்து அலுத்து நிரப்பி வருகிறோம். ஒரே விசயத்தை ஏன் இரண்டு தரம் கேட்கிறாங்கள் என்று திட்டியிருக்கிறோம். இப்போதுதான் அந்த இரண்டாவது வரியின் அருமை தெரிகிறது. முதலெழுத்துக்குள் ஒரு ஆள் ஒளிந்திருக்கலாம் என்று அந்தப் படிவத்தைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. உசாத்துணைப் பட்டியலில் அந்த இரண்டாவது வரி இல்லை.

பிறகு நாங்கள் செய்தவற்றை இங்கே எழுதிவிடுகிறோம். இதை வாசிக்கிற ஆருக்காவது இன்றைக்கு இரவு ஒரு மணிக்கு உதவலாம்.

முதலாவது, தமிழ்ப் பெயரைச் சுருக்குவதை நிறுத்தினோம். மிஸ்ஸிடம் கேட்டபோது, பட்டியல் முழுக்க ஒரே முறையில் இருந்தால் முழுப்பெயர் போடலாம் என்றார். ஸொட்டெரோவில் பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. அதை அமத்தினால் இரண்டு பெட்டியும் ஒரு பெட்டியாகிவிடும். பெயரைப் பிரிக்காமல், தலைப்புப் பக்கத்தில் இருக்கிற மாதிரியே உள்ளே போடலாம். அந்தப் பட்டன் இவ்வளவு காலமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

இரண்டாவது, ஒரே ஆள் பல பெயரில் வருவார் என்பதை ஏற்றுக்கொண்டோம். சித்திரலேகா மௌனகுருவின் பெயரையே சில இடங்களில் மௌ. சித்திரலேகா என்று காணலாம். அப்படிப் போட்டால் அகரவரிசையில் அவர் 'சி'யில் நிற்பார், மற்றப்படி போட்டால் 'மௌ'வில் நிற்பார். கைலாசபதி ஆங்கிலத்தில் ஒரு இடத்தில், தமிழில் இன்னொரு இடத்தில். புத்தகத்தில் இருக்கிற பெயரை நாங்கள் மாற்றுவதில்லை. அதற்குப் பதிலாக, ஒரு ஆளின் எல்லா உருப்படிக்கும் ஒரே குறிச்சொல் போட்டுவைக்கிறோம். அதை அமத்தினால் எல்லாம் ஒரு இடத்தில் வரும்.

மூன்றாவது, பட்டனை அமத்தின கையோடு ஐந்து பெட்டியைப் பார்க்கிறோம். உருப்படியின் வகை, எழுதியவர்கள், ஆண்டு, தலைப்பு, வெளியிட்டவர். இணையப் பக்கம் என்று ஏறியிருந்தால் புத்தகமென்று மாற்றுகிறோம். ஆண்டை, தளத்தில் இல்லை, ஸ்கானின் உள்ளே போய்ப் பார்க்கிறோம். தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து அந்த உருப்படியோடு இணைத்துவிடுகிறோம். புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் குடுத்த பிறகும் அது கையில் இருக்கும். இரட்டிப்பு என்று தோன்றினால், இரண்டையும் திறந்து பார்க்காமல் வெட்டுவதில்லை.

இதற்கு ஒரு உருப்படிக்கு மூன்று நிமிசம் போகிறது. ஒரு கிளிக்கில் முடிகிற வேலையென்று நம்பி வந்த ஆட்களுக்கு இது நட்டம்தான். ஆனால் கிளிக் எங்களுக்குத் தருவது வேறு ஆரோ அந்தப் பக்கத்தில் எழுதி வைத்ததை. அவர் சரியாக எழுதியிருக்கலாம், அரைகுறையாக எழுதியிருக்கலாம், எழுதாமலும் விட்டிருக்கலாம். சரியாக வந்ததையும் நாங்களே பிழையாக்கலாம், மேலே வாசித்தீர்கள்தானே.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லம். முடியவில்லை.

எங்கட பொதுச் சேகரிப்பை நாங்கள் மட்டும் பாவிக்கவில்லை. ஒப்படை குடுத்த அடுத்தநாள், 61 உருப்படி தமிழில் ஒழுங்காக இருக்கிறது என்ற பெருமையில், கேட்ட எல்லாருக்கும் அனுப்பியிருந்தோம். ரெண்டாம் வருசப் பிள்ளைகள் மூன்று பேர் எடுத்திருந்தார்கள். எங்களுக்கு முதன்முதலில் ஸொட்டெரோ காட்டித் தந்த அக்காவும் எடுத்திருந்தார், தன்னுடைய இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு. பட்டியல் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போவதற்கும் ஒரு கிளிக் போதும். பிழையும் அதே கிளிக்கில் போய்விடும். நாளைக்கு அந்த ஆய்வேட்டைப் பார்த்து இன்னொருத்தர் எழுதுவார். 1979 புத்தகத்தை இரண்டு பேர் எழுதினார்கள் என்று மூன்று இடத்தில் இருந்தால் நாலாவது ஆள் ஏன் புத்தகத்தைத் திறக்கப் போகிறார்? எங்கட இலக்கிய வரலாற்றைப் பற்றி எழுதப்பட்டதே கொஞ்சம். அதில் ஒரு பெயர் விழுந்தால், எழுப்பி விடுவதற்கு நிறையப் பேர் இல்லை.

ரெண்டாம் வருசப் பிள்ளைகளுக்கு அன்றிரவே தகவல் போட்டோம். அவர்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை, திருத்திவிட்டார்கள். அக்காவுக்குத் தகவல் போட மனம் வரவில்லை. நாலு பேரும் சேர்ந்திருந்து ஃபோன் எடுத்தோம். அவர் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டார். தடித்த மட்டை, தங்க எழுத்து, மூன்று பிரதி. நாங்கள் சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நானும் தலைப்புப் பக்கம் பாக்கேல்லையே," என்றார். பிறகு, "சரி, நாளைக்கு வாங்கோ," என்றார்.

அடுத்தநாள் கம்பஸுக்கு முன்னால் இருக்கிற கொமியூனிகேசனில் ஒரு தாளில் மூன்று தரம் ஒரே வரியை ரைப் பண்ணி எடுத்தோம். பிழைதிருத்தம் என்று மேலே. கீழே 1979 புத்தகத்தின் பதிவு, மூன்று பெயரும் முழுதாக. அக்கா அதைக் கத்தரிக்கோலால் மூன்று துண்டாக வெட்டினார். ஒன்றைத் தன்னுடைய பிரதியில் ஒட்டினார். ஒன்றைத் துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்களுக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டு வந்தோம். மூன்றாவது பிரதி நூலகத்துக்குப் போய்விட்டது. இன்னும் பட்டியலில் ஏறவில்லை, ஏறின பிறகு வாங்கோ என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் துண்டு இப்போது எங்களில் ஒருத்தியின் நூலக அட்டைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்க் கேட்கிறோம்.